பகா எண்ணும் உன் வலது கண்ணும்

என் அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் வலது கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை மறக்காமல் விடுகிறாயா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பதறாதே. கோடிக்கணக்கான இலக்கங்கள் உள்ள ஓர் எண்ணைப் பகா எண் என்று எங்கள் கணினி சொன்னதாக எழுதியிருந்தேன் அல்லவா? அதை அப்படியே நம்பிவிட முடியாது. 91 எதாலும் வகுபடாது என்று நீ பந்தயம் கட்டி ஏழிடம் தோற்றாயே, அது மாதிரிதான். அதனால் வேறொரு கணினியில் மறுபடி சோதிக்கிறோம். அதைக் கவனிப்பது என் வேலை. அது முடிந்ததும் உன் ஆபரேஷனுக்கு வந்துவிடுவதாக இருந்தேன்.

நேற்று தற்செயலாகத் தொட்டால் அந்தக் கணினியின் பெட்டி கொதிக்கிறது. உள்ளே சூட்டைத் தணிக்கும் காற்றாடி நின்றிருந்தது. எப்போது நின்றதோ! அந்தச் சூட்டில் வழியில் ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் முடிவு பிசகிவிடும். சொன்னால் முதலிலிருந்து மறுபடி ஓட்ட இரண்டு மாதம். சொல்லாவிட்டால் இந்த வாரமே விமானம். அறையில் நான் மட்டும்தான். எழுந்து போய் இந்தச் சோதனையை நடத்தும் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் பெட்டி கட்டியிருப்பீங்களே, சார்!"

"கட்டியே வெச்சிட்டேம்மா."

நீ ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ. எனக்குச் சட்டைப் பொத்தான் நாலு அனுப்பு. உனக்கு ஊசியில் நூல் கோத்துத் தர இப்போது யார் இருக்கிறார்கள்?

கட்டு அவிழ்த்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாய். இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். கொஞ்சம் முறைக்கிற மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

கணினியை மறுபடி ஓட்டக் கூப்பிடுகிறார்கள்.

உன் வாத்தியார்