கோட்டை வாசல்வரை தெரிந்தவன்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு. அம்மாவின் முழங்கால் வலி தேவலையாகத்தான் இருந்தது, போன வாரம் நான் அவளை ஊர் முழுக்க நடக்கவைத்ததில் மறுபடி பிடித்துக்கொண்டது. இப்போதும் எதிரே உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே தைலம் தேய்க்கிறாள். எல்லாம் நீ கேட்ட லிஸ்டால் வந்த வினை.

சம்பந்தி இரண்டு பேரும் அடுத்த மாதம் மூன்று நாள் இந்த ஊரைச் சுற்றிப்பார்க்க வருகிறார்கள், என்னென்ன பார்க்கலாம், எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று எழுதி அனுப்புங்கள், உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டிருந்தாய். முப்பத்தோரு வருஷம் சுற்றுலா வேன் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பழைய கோட்டை, வடக்கு வாசலில் நிறுத்தினால் வண்டி கொதித்துவிடும், கிழக்குப் பக்கம் மரத்தடியில் நிறுத்த வேண்டும், கழிப்பறை காவலாளி அறைக்குப் பின்னால். அப்புறம் அரண்மனை, பெரிய பஸ்கள் வருவதற்குள் போய்விட வேண்டும், ரிவர்ஸ் எடுக்க இடம் பற்றாது. அப்புறம் மணிக்கூண்டு, அங்கே நிறுத்தவே விடமாட்டார்கள், ஆளை இறக்கிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். இப்படி ஒரு பக்கம் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி, உள்ள என்ன இருக்கு?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன் சிட்டு, எனக்குத் தெரியவில்லை. ஆட்களை வாசலில் இறக்கிவிடுவேன், கைடு உள்ளே கூட்டிப்போவார், நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுப்பேன். வெளியே வருகிறவர்கள் ஆகா ஓகோ என்பார்கள், நானும் தலையாட்டி வைப்பேன்.

சாப்பாட்டு விஷயம் அதைவிடக் கூத்து. ஆற்றோரத்துப் பெரிய ஓட்டல் நல்ல ஓட்டல் என்று எழுதிவிட்டு, பக்கத்துச் சந்துக்குள் போய் எண்ணெய் டின் அடுக்கியிருக்கும் கதவைத் தட்டவும் என்று வழியும் எழுதியிருக்கிறேன். டிரைவர்களுக்கு எப்போதும் பின்வாசலில்தானே சாப்பாடு. ஆள் கூட்டிவந்ததற்குச் சும்மா போடுவார்கள், அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவோம். சம்பந்தியம்மாவை எண்ணெய் டின் மேல் உட்காரவைக்கப் போகிறீர்களா என்று அம்மா கேட்டாள். சரியென்று சனிக்கிழமை இரண்டு பேரும் முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்தோம். கல்யாண ஆல்பம் கனத்தில் ஒரு மெனு கார்டைக் கொடுத்தார்கள். அதில் இருந்த ஒரு பெயரும் எனக்குப் பிடிபடவில்லை, சட்டியில் இருந்ததைத் தின்றவனுக்கு அதன் பெயர் எப்படித் தெரியும். குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டுக் காட்டினேன், சூப் வந்தது, ஜில்லென்று இருந்தது. ஆறிப்போனதா, அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அம்மா பழக்கதோஷத்தில் அதை ஊதி ஊதிக் குடித்தாள். மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் சமையற்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, தன் மேல் ஏதாவது கோபமா, ஏன் இங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார். பின்னால் கூட்டிப்போய் வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த சோறும் முட்டைக் குழம்பும் போட்டார், அமிர்தமாக இருந்தது. இப்போது சம்பந்திக்கு எதை நல்ல சாப்பாடு என்று எழுதுவது, முன்னால் கொடுத்ததையா பின்னால் கொடுத்ததையா, நீயே சொல்.

இதற்கு நடுவில்தான் சம்பந்தி போன் செய்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். பேச்சோடு பேச்சாக, "ஊர்லயே பெரிய கைடு நீங்கதானாமே, மருமக சொல்லிச்சு. அந்தக் கிசுகிசு மண்டபத்த மட்டும் நீங்களே கூட இருந்து காட்டணும்" என்றார். நான் சரிங்க சரிங்க என்று வைத்துவிட்டேன். டிரைவர் மகள் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்ததோ, அதனால்தான் கைடு என்று சொன்னாயோ என்று மனசு அரித்தது. சரி, அந்த மண்டபத்தையாவது பார்த்து வைப்போம் என்று செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். கவுண்டரில் இருப்பவர் பல வருஷப் பழக்கம், பார்ட்டி எங்கே என்று எட்டிப் பார்த்தார். நாங்கள்தான் பார்ட்டி என்றேன், சிரித்துவிட்டார்.

உள்ளே போனால் தலை சுற்றுகிறது சிட்டு. அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் போய் ஒரே முற்றத்துக்கு மூன்று தடவை வந்து சேர்ந்தோம். ஓர் அறையை ஒரு கைடு தானியக் கிடங்கு என்றார், அவர் நகர்ந்ததும் இன்னொருவர் அதே அறையைச் சிறைச்சாலை என்றார். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளைக் கேட்டால், எனக்குத் தெரிந்து இது துடைப்பம் வைக்கிற இடம் என்றாள். தூண் வைத்த மண்டபம் ஒன்று இருந்தது, அவர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அம்மாவை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு மறுகோடியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கால் வலிக்குதா என்று கிசுகிசுத்தேன். என்னது என்று அவள் போட்ட சத்தத்தில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்படி ஒரு மண்டபமே கிடையாது, அது நான் கட்டியது.

லீவு நாட்களில் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உள்ள என்னப்பா இருக்கு?" என்று நச்சரிப்பாயே, ஞாபகம் இருக்கிறதா. டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போக அப்போது முடியவில்லை, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு தூணில் சொன்னால் மறுதூணில் கேட்கும் மண்டபம், வெள்ளி மீன் இருக்கும் கிணறு என்று அளந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கோட்டைக்குக் கூட்டிப்போன அன்று உனக்கு அம்மை போட்டிருந்தது, அழுத உன்னைச் சமாதானப்படுத்த இன்னும் நாலு மீன் விட்டேன். நீ கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாய், எனக்கும் ருசியாக இருந்தது. அதனால் நீ கைடு என்று சொன்னது வெட்கத்தாலா, நிஜமாகவே அப்படி நினைத்தா என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "பொய்ய ஆரம்பிச்சது நீங்க, இப்ப பிள்ளையச் சந்தேகப்படுறீங்களா?" என்கிறாள். எப்படி இருந்தாலும் சம்பந்தி வந்து இறங்கியதும், நான் வண்டி ஓட்டியவன், போன மாதம்தான் முதல்தடவையாக உள்ளே பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். உனக்கு அது குறைச்சலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

குடையை மறக்காமல் எடுத்துப் போ, மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதே. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். லிஸ்டை இதோடு வைக்கவில்லை, அது வண்டி நிறுத்துகிறவனுக்குத்தான் உபயோகம். அதற்குப் பதிலாக ஒரு கோட்டை டிக்கெட் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கவுண்டரில் என்னை அறியாமல் மூன்று என்று கேட்டுவிட்டேன், மூன்றாவது யாருக்கு என்று அம்மா கேட்டாள், நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் தேதி அடிக்கவில்லை, எப்போதும் செல்லும் என்று கவுண்டர்காரர் சொன்னார். லீவு போட்டு சம்பந்தியோடு நீயும் வா. நீயும்தானே இன்னும் உள்ளே பார்க்கவில்லை.

இந்தத் தடவை வண்டியில் படுத்திருக்காமல் கூடவே உள்ளே வரப்போகிற,
உன் அப்பா