அடுப்புக்குள் அடித்துக்கொண்டிருந்த கைப்பேசி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்து இறங்கிப் போகின்றன, இழுத்துப் பிடித்தாலும் நிற்பதில்லை. சில எழுத்து பூசணிக்காய் போல, சில எழுத்து கடுகு போல இருக்கும், பொறுமையாகப் படி. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இரண்டு நாளில் பதினேழு தடவை கூப்பிட்டும் நாங்கள் எடுக்கவில்லை என்று வெளியூர் போயிருந்த கீழ்வீட்டுத் தையற்காரருக்குப் போன் செய்து அழுதாயாமே. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை மகளே. கைப்பேசி மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருந்தது, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், இனி தீப்பக்கம் போகாதே என்று நீ வாங்கிக் கொடுத்தாயே, அதே அடுப்பு. ஒரு மாதமாக அதன் கதவு தொங்கிப்போய், கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் மூடியது. தையற்காரர் மனைவி பார்த்துவிட்டு, இந்த இடுக்கு வழியாகக் கதிர்வீச்சு கசியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நிமிடமே அம்மா மின்செருகியைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் எரிவாயு அடுப்புக்குப் போய்விட்டாள். நான்காம் நாள் கொதிக்கிற தண்ணீரை இறக்கும்போது கை ஆடி, கால்மேல் ஊற்றிக்கொண்டாள். பதறாதே, இரண்டு விரல்தான், ஆறிவிட்டது. ஆனால் அடுத்த தடவை விரலோடு நிற்குமா? அந்தப் பெட்டி நல்லதா கெட்டதா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிற எங்கள் மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்கிற முன்பு லிஃப்ட் இயக்கிய பெரியவர், இதைப்பற்றி இரண்டு பக்கம் அச்சடித்து வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடியும், அதற்குமேல் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். முதல் பக்கத்தை முதல் நாள் படித்தேன். செருகியைப் பிடுங்கி, கைப்பேசியை உள்ளே வைத்து, கதவை மூடி, வேறு கைப்பேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள், மணி அடித்தால் கதவு கசிகிறது என்பார்கள் என்று இருந்தது. படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகச் செய்துவிட்டேன். பக்கம் தீர்ந்துவிட்டது. நம்மிடம் வேறு கைப்பேசி ஏது, தையற்காரர் குடும்பமும் ஊரில் இல்லை, மீதி நாளைக்கு என்று போய்ப் படுத்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். உள்ளேயிருந்து நன்றாக மணி அடித்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "கூப்பிடுறது உள்ள போகுதுன்னா, கதிர்வீச்சு வெளிய வராதா?" என்று கேட்டாள். என்னைக் கதவைத் தொடவும் விடவில்லை, ஒரு பழைய துணியால் அடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அவள் முடிச்சுதான் உனக்குத் தெரியுமே. நீ கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பாவம் பிள்ளை கூப்பிடுது என்பாள், ஆனால் வழியை விடமாட்டாள்.

மறுநாள் இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். முதல் வரியே, இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், மணி அடித்தாலும் கசிவு என்று அர்த்தமில்லை, அடிக்காவிட்டாலும் நல்லது என்று அர்த்தமில்லை என்று இருந்தது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை படித்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் எந்தக் காகிதமும் என்னை இப்படி ஏமாற்றியதில்லை. அப்படின்னா முதல் பக்கத்தை எதற்கு அச்சடித்தான் என்று அம்மா கேட்டாள். கதவு, கீல், விளிம்பு, கண்ணாடி இவற்றைக் கண்ணால் பார், கோணலாக இருந்தால் ஓட்டாதே, நீயாகக் கழற்றாதே, அளக்கும் கருவி வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிடு என்று மீதியில் இருந்தது.

லிஃப்ட் பெரியவர் சொல்லி அனுப்பி மெக்கானிக்காக வந்தது உன்னைவிடச் சின்னப் பெண். துணியை அவிழ்த்து, கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கீல் இப்படித் தளரும்படி யார் கதவில் தொங்கினீர்கள் என்று கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். கடைக்குப் போய்வந்தால் வெங்காயப் பையை அடுப்பின் திறந்த கதவில்தான் இவர் மாட்டுவார் என்று அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். கீலைச் சரிசெய்து, ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து ஓட்டி, கருவியைக் கதவு விளிம்பு முழுக்க மெதுவாக நகர்த்தி அளந்தாள். கசிவு இவ்வளவு இருக்கலாம் என்கிற அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்றாள். அம்மா அசையவில்லை. கருவியும் ஒரு பெட்டிதானே என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மா அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். நாற்பத்தொரு வருடமாகப் பேருந்துப் பலகை, மருந்து பாட்டில், உன் கடிதம் எல்லாம் எனக்குப் படித்துச் சொன்னவள் அவள். உன் மூக்கிலேதான் கண்ணாடி இருக்கிறதே என்றேன். "நீங்க படிங்க. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பாருங்க" என்றாள். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமை. விரலை வைத்துப் படித்தேன். கதவு சரிசெய்யப்பட்டது, கசிவு வரம்புக்கு மிகவும் கீழே, பயன்படுத்தலாம். அந்தக் கடைசிச் சொல்லுக்கு வெகுநேரம் ஆனது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். முடித்ததும் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, நடுங்குகிற விரலால் தானே பொத்தானை அழுத்தி, அடுப்புக்கு எதிரிலேயே நின்றாள். இரண்டு அடி பின்னால் போனது நான்தான்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நெடுங்காலம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. எந்தக் காகிதமானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கையை வை. அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்கு இன்றே உட்கார்ந்தால்தான் முடியும்.

கைநாட்டு இல்லாமல், தன் கையாலேயே,
உன் அப்பா