கூரையில் இல்லாத ஓட்டை

அன்புள்ள அப்பா,

வீடு வந்துவிட்டது, தொழிற்சாலையில் செய்த துண்டுகளாக மூன்று லாரியில் வந்து ஒரே நாளில் சுவரும் கூரையுமாக எழுந்தே நின்றுவிட்டது! சுவருக்குள் குளிர் நுழையாமலிருக்க வைக்கும் பஞ்சு, முதலில் பேசியதைவிட இருமடங்கு தடிமன். இனி மின்சாரத்தில் ஓடும் ஒரு ஹீட் பம்ப் இருந்தாலே வீடு முழுக்கச் சூடாகிவிடும்.

நேற்று எண்டெல் மாமா, நீங்கள் காயவைத்த பிர்ச் மர விறகை டிராக்டரில் கொண்டுவந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, புகைபோக்கி எங்க? உங்கப்பன் விறகக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா குளிர் காயப்போறான்?"

"அப்புறமா வரும் மாமா."

வராது அப்பா. தார்த்துவிலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்பிய படிவத்தில் விறகடுப்பு என்ற வரியை அடித்துவிட்டது நான்தான். புகைபோக்கிக்குக் கூரையில் ஓட்டை போட்டால் காற்று கசியும், வீட்டில் எவ்வளவு காற்று கசிகிறது என்று அளக்கும் சோதனையில் எண் கெட்டுவிடும். அந்த எண்ணை வீடு கட்டுவோரின் ஆன்லைன் குழுவில் போட்டு லைக் வாங்க ஆசைப்பட்டேன். சூடான அடுப்பு மேடையில் முதுகைச் சாய்க்கலாம் என்றுதான் பழைய வீட்டைவிட்டு வரவே சம்மதித்தீர்கள். தெரிந்தேதான் அடித்தேன். பிறகு மாமாவோடு சேர்ந்து அந்த விறகையும் அடுக்கினேன்.

இன்று காலை கூரையை வெட்டச் சொல்லிவிட்டேன். "ஊசி நுழையக்கூட இடம் இருக்கக் கூடாதுன்னு உசிர வாங்கினது நீங்கதானே!" என்று ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எண் போனால் போகட்டும்.

வெட்டுவதற்கு முன் அடுப்பு எந்தச் சுவரோரம் என்று தெரிய வேண்டுமாம். வியாழனுக்குள் எழுதுங்கள் அப்பா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நடுவில் எங்காவது அந்தச் சுவரையும் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் கேட்காமல் அடுப்பை அடித்துவிட்ட
உங்கள் மகள்