கழுத்தில் தொங்கும் பீரோ சாவி

என் அன்பு மகள் கெல்சிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கிழட்டு நாய் மூன்று பேரும் மூட்டு வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் என் தங்கக்கட்டிப் பேத்தி ஓபலும் காயாமல் கருகாமல் இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாவதோடு மில்லுக்குப் போனவன் கையெழுத்து, அதிலும் இன்றைக்கு நின்றுகொண்டே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செப்டம்பரில் நீ போன் பண்ணி, அப்பா, நவம்பர்ல நன்றித் திருநாள் லீவுக்கு ஓபலைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம், துப்பாக்கியெல்லாம் பூட்டி வெச்சிருக்கியான்னு கேட்டாய். எல்லாம் பத்திரமா பூட்டியிருக்கு, நீ டிக்கெட் எடுன்னு சொன்னேன் இல்லையா, அது பச்சைப் பொய். நான் அதைச் சொல்லும்போது நரிக்காக வைத்திருக்கிற துப்பாக்கி சமையலறைக் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு துடைப்பமாக நின்றுகொண்டிருந்தது, அதுவும் உள்ளே தோட்டாவோடு. மற்ற நாலும் உன் தாத்தா செய்த கண்ணாடி அலமாரியில். பூட்டு இருந்தது, சாவி அதன் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. முப்பது வருஷமாக அதைத்தான் பூட்டி வைத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. ஆறு வயசில் ஒரு நாள் நாங்கள் கொட்டகையில் இருந்தபோது நீ முக்காலியை இழுத்துப் போட்டு அந்த ஆணியிலிருந்து சாவி எடுத்து, சின்ன ரைஃபிளைக் கையில் தூக்கி, பயந்துபோய்த் திரும்ப வைத்தாய் என்று எழுதியிருந்தாய். கோபப்படாதேப்பா, ஆனா அதைப் பூட்டுற வரைக்கும் ஓபலைக் கொண்டு வரமாட்டேன்னும் எழுதியிருந்தாய். கோபம் எங்கே வந்தது, நாற்காலியில் உட்கார்ந்தவன் காபி ஆறிப்போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. உன் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு நேராகப் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துத் தோட்டாவை உருவி மேஜை மேல் வைத்தாள்.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா, ஓபலின் உயரத்துக்கு முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன், அவள் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று பார்க்கத்தான். உன் அம்மா வாசலில் நின்று, என்னய்யா, பல்லு விழுந்துடுச்சா, இல்ல புத்தி விழுந்துடுச்சான்னு கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் தவழ்ந்தேன், சமையலறை அலமாரிக் கீழ்த்தட்டில் பழைய மிட்டாய் டப்பாவைப் பார்க்கிற வரைக்கும். மூடியில் சிவப்பும் பச்சையுமாக மிட்டாய்ப் படம், உள்ளே முழுக்கத் தோட்டா. நான்தான் போட்டு வைத்தவன், பத்து வருஷத்துக்கு முன்னால். மூணரை வயசுக் குழந்தை இந்த வீட்டில் முதலில் எதைத் திறப்பாள், சொல்லு. அன்றைக்கே வண்டியை எடுத்தேன்.

பண்ணைக்கடையில் இப்போது உன்கூடப் படித்த மிஸ்ஸிதான் துப்பாக்கிச் சாமான் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். பெரிய பெட்டகம் ஒன்று, தீப்பிடித்தாலும் தாங்குமாம், தொள்ளாயிரம் டாலர், நம் வீட்டுத் தரை அதைத் தாங்காது. விரலை வைத்தால் திறக்கிறது ஒன்று இருந்தது, ஆசையாக வைத்தேன், சிவப்பு விளக்கு, இன்னொரு விரல், சிவப்பு விளக்கு. மிஸ்ஸி என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமா, உங்களுக்கு ரேகையே இல்லையே, மில்லுல மரத்தை அறுத்தீங்களா, விரலை அறுத்தீங்களான்னு கேட்டாள். ரெண்டும்தான்மா, ஒண்ணோட நுனி இன்னும் மில்லுலதான் இருக்குன்னேன். அப்புறம் அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள், திருடனுக்காக வாங்குறீங்களா, பேத்திக்காகவா மாமான்னு. பேத்திக்குன்னேன். அப்படின்னா இந்த இரும்பு பீரோ போதும், கடப்பாரைக்காரனை இது ரொம்ப நேரம் நிறுத்தாது, ஆனா சின்னக் கையும் வீட்டுக்கு வர்ற ஊராரும் திறக்க முடியாது, சுவத்துக்குள்ள இருக்கிற மரச்சட்டத்தோட போல்ட் போட்டு இறுக்கிடுங்கன்னாள். நூற்றெண்பது டாலர். அட்டையில் பதினாலு துப்பாக்கி கொள்ளும் என்று போட்டிருக்கிறது, அதை நம்பாதே, தொலைநோக்கி பொருத்தினது என்றால் எட்டு வைப்பதற்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நமக்கு ஐந்துதானே, தாராளம். தோட்டாவுக்குத் தனியாக ஒரு சின்னப் பூட்டுப்பெட்டி, அதன் சாவி உன் அம்மாவிடம். ஆக இந்த வீட்டில் இனிமேல் நான் சுடுவதற்கு உன் அம்மாவின் சம்மதம் வேண்டும், மான்கள் கேள்விப்பட்டால் சந்தோஷப்படும்.

பக்கத்து வீட்டு ஹார்லன் வந்து தூக்கிக் கொடுத்தான், டேய் டுவெயின், கல்யாணத்துக்கு வாங்க வேண்டிய பீரோவை இப்பத்தான் வாங்குறியான்னு கிண்டல் வேறு. முதுகு சரியில்லாதவன், அவனுக்கு உன் அம்மா சுட்ட பூசணிப் பை பலகாரம் ஒன்று கொடுத்தனுப்பினோம். தாத்தாவின் கண்ணாடி அலமாரியை எறிந்துவிட்டோம் என்று நினைக்காதே, உன் அம்மா அதில் பீச் ஜாடிகளை அடுக்கிவிட்டாள், கண்ணாடியில் செதுக்கின மான் இப்போது பீச் பழம் தின்பது மாதிரி இருக்கிறது.

பீரோ சாவியைப் பற்றி ஒரு வெட்கக்கேடு. ரெண்டாம் நாளே பழக்கத்தில் பழைய ஆணியில் மாட்டிவிட்டேன். உன் அம்மா ஆணியைப் பிடுங்கி எறிந்தாள், சாவியை ஒரு பூட்ஸ் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டினாள், பின்னால் மூன்று முடிச்சு. கழற்றவே கூடாது என்று ரொம்பக் குட்டையாகக் கட்டியதால் என் காதுகளைத் தாண்டி வராது. இந்தக் காதுகளைத்தானே ஓபலுக்கும் கொடுத்திருக்கிறேன், பாவம் குழந்தை. பூட்டவும் திறக்கவும் பீரோவுக்கு முத்தம் கொடுக்கிறவன் மாதிரி முகத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வேட்டைக் கத்தியையும் பேனாக்கத்தியையும்கூட உள்ளேயே வைத்துவிட்டேன்.

கண்ணு, நீ என்னைத் திட்டியிருக்கலாம். உன் மகளைக் கொண்டு வராமலே ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம், லீவு கிடைக்கவில்லை என்றால் நானும் நம்பியிருப்பேன், தப்பு என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்காது. இருபத்திரண்டு வருஷம் மனசில் வைத்திருந்ததை இந்த அப்பனை நம்பிச் சொன்னாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு உன்னைப் பயப்பட வைத்து அந்த ரைஃபிளைத் திரும்ப வைக்கச் செய்த கடவுளுக்கும் தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு வரி சேர்த்துச் சொல்கிறேன், சாப்பாடு ஆறுகிறது என்று உன் அம்மா முனகுவதில்லை.

இப்போது கேட்டால் பொய் இல்லை, எல்லாம் பூட்டியிருக்கிறது. டிக்கெட் எடு. ஓபலுக்குக் கம்பளிச் சட்டை இரண்டு கூடக் கொண்டு வா, இங்கே காலையில் தண்ணீர் உறைகிறது. அந்த டப்பாவில் இப்போது நிஜமாகவே மிட்டாய்தான், ஆனால் உன்னைக் கேட்டுத்தான் கொடுப்பேன். கடவுள் உங்கள் மூவரையும் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், வழியெல்லாம் நல்லதாக அமையட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அப்பா டுவெயின்

பி.கு. துப்பாக்கி ஒவ்வொன்றின் நம்பரையும் எழுதி வைக்கச் சொன்னாள் மிஸ்ஸி. அதற்காகத்தான் பேனாவும் நோட்டும் கொண்டுவந்தேன். எழுதி முடித்துப் பூட்டினேன். சாவி பூட்டில் சிக்கிக்கொண்டது. கயிறு என் கழுத்தில் இருக்கிறது. முடிச்சு இந்த விரல்களுக்கு அவிழவில்லை. கத்திகள் பீரோவுக்குள் இருக்கின்றன. இந்தக் கடிதம் முழுவதும் பீரோக் கதவின் மேல் வைத்து எழுதியது. உன் அம்மா சர்ச் விருந்திலிருந்து ஆறு மணிக்கு வருவாள். இப்போது மணி மூன்றே கால்.