உடம்பு இல்லாத கரை

என் கண்ணான பாவிக்கு,

அப்படித்தாங்க கூப்பிடத் தோணுது. கப்பல்ல சமைக்கப் போன மனுஷன், ஏதோ ஆப்பிரிக்கத் துறைமுகத்துல கப்பல் ரிப்பேருக்கு நின்னா கம்முனு கிடக்கவேண்டியதுதானே? பாலைவனம் நேரா கடல்ல போய் முடியுதாம். உடைஞ்ச கப்பலுங்க மணல்ல புதைஞ்சு கிடக்குதாம், கடல்நாய்ங்க கும்பல் கும்பலா படுத்துக்கினு இருக்குதாம். அதை வேடிக்கை பார்க்க வாடகை ஜீப்பு வேற! வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கின கதைதான். பாலாத்து மணல்ல நாலு அடி நடக்கச் சொன்னா கால் சுடுதுன்னவரு நீங்க.

கூட வந்த உங்க சிநேகிதர் கபாலி அண்ணன்தான் ஊருக்கு வந்து சொன்னாரு. ஜீப்பு மணல்ல மாட்டிக்கிச்சாம். அவரு ஆள் கூட்டியாரப் போயிருக்காரு. நீங்க கடல்நாயைப் பார்த்துக்கினு அங்கயே உட்கார்ந்துட்டீங்களாம். பனிமூட்டத்துல அவரு திரும்பி வர ரெண்டு நாள் ஆயிடுச்சு.

"உடம்பு கிடைக்கலங்க. கரைதான் கிடைச்சுது"ன்னு சொல்லி, மாமா கையில ஒரு துணியைக் கொடுத்தாரு. நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா தன் கையால நெய்த, நீங்க கப்பலுக்கும் கையோட எடுத்துக்கினு போன அங்கவஸ்திரம். பட்டு பூரா கிழிஞ்சு, ஜரிகைக் கரை மட்டும் மிச்சம்.

மாமா அழுவல. "உடம்பையும் கரையையும் தனித்தனி நூல்ல நெய்து நான் கோத்துப் போட்ட கோர்வை இது. கரை வந்துடுச்சுன்னா உடம்பு எங்க போவும்? பிரியாதுப்பா, வந்து சேரும்"னாரு.

அவ்வளவுதான். கருமாதி கிடையாது. வெள்ளிக்கிழமையானா அத்தை எனக்குப் பூ வெச்சு விடறாங்க. என் பொறந்த ஊரு ஓரிக்கையில இருந்து எங்கண்ணன் என்னைக் கூட்டிக்கினு போக வந்தாரு. "இருபது வயசுதாங்க ஆவுது, அவ இன்னொரு வாழ்க்கை வாழட்டும்"னு கெஞ்சினாரு. "புருஷன் உசுரோட இருக்கிறவளை எங்கய்யா அனுப்பறது?"ன்னு மாமா கதவைச் சாத்திட்டாரு. குழாயடியில பொம்பளைங்க கேக்கறாங்க, நான் கட்டினவளா அறுத்தவளான்னு. நீங்களே சொல்லுங்களேன், நான் யாரு?

எனக்கு மட்டும் நிஜம் தெரியும். கபாலி அண்ணன் கொல்லையில கை கழுவுறப்போ நான் விடாம கேட்டேன். "நான் போறதுக்குள்ள உசுரு போயிருந்துச்சு. சுத்தி நரிங்கமா. கல்லால அடிச்சும் போவல. வாயில இருந்துதான் இதைப் புடுங்கினேன். மிச்சத்தை அங்கயே புதைச்சுட்டேன். பெரியவரு கிட்ட சொல்ல நாக்கு எழல"ன்னாரு.

எனக்கு ஆத்திரமா வருதுங்க. அழுகையும் வருது. பூவும் பொட்டும் வெச்சுக்கினு எப்படி அழுவறது?

இப்போ மாமா தறியில புதுசா ஒண்ணு ஏத்தியிருக்காரு. நீங்க வந்தா போத்திக்கவாம்! துணியோட உடம்புக்கு அவரு நூல் நாடாவைத் தள்றாரு, கரைக்கு நான் தள்ளணும். "இழுத்துத் தள்ளுமா, அவன் வந்துடுவான்"றாரு. நானும் தள்ளிக்கினு இருக்கேன்.

இனிமே மாட்டேன். இந்த வெள்ளிக்கிழமை மாமாவைப் பாலாத்துக்குக் கூட்டிக்கினு போய், அவரு கண்ணு முன்னாலயே அந்தக் கரையைக் கொளுத்துவேன். பட்டு எரிஞ்சா மயிர் கருகுற நாத்தம் வரும். ஜரிகையில இருக்கிற வெள்ளி மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கி அவரு கையில வெச்சு, "இந்தாங்க மாமா, உங்க புள்ளையோட எலும்பு"ன்னு சொல்லுவேன். நரியையும் சொல்லுவேன். உங்க மேல சத்தியம்.

அதுவரைக்கும் பூ வெச்சுக்கினு இருக்கிற
உங்க பொண்டாட்டி,
வேணி