ஜூராவின் வாசலுக்கு யார் போவது

அட்-பாஷி,
மார்ச் கடைசி வாரம்.

அன்பு மகள் நூர்ஜமாலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் அசனாலி, அண்ணி மீரிம், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் குளிர் போகும் வரைக்கும் தன் கணக்கில் நடக்கும், அதைச் சுகக்கேடு என்று சொல்ல முடியாது. அங்கே நீயும் மருமகனும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வானிலையைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறேன், அது பழைய வானிலை நிலைய உத்தியோகத்தின் பழக்கமாக இருக்கலாம். இன்னொரு காரணம், இந்த விஷயம் போனில் போகக்கூடாத விஷயம், அது ஏன் என்று படிக்கும்போது உனக்கே தெரியும். ஒருமுறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டு இதை இரண்டாவதாக எழுதுகிறேன். கீழ்த்தெரு ஓசர்பாய் வியாழக்கிழமை மாஸ்கோவுக்கு வேலைக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும், காயவைத்த தயிர் உருண்டை, நம் குருத்து, ஒரு பையும் கொடுத்தனுப்புகிறேன். குருத்து இந்த முறை உப்புக் கொஞ்சம் தூக்கல், மீரிம் மீது குற்றமில்லை, நான்தான் இன்னொரு கை போடச் சொன்னேன்.

சிவப்புப் பசு கன்று போட்டது, கிடாரிதான், பிறந்த அன்று எழுந்து நிற்கவில்லை, அசனாலி அடுப்பங்கரைக்குள் தூக்கி வந்து சாக்கால் துடைத்துக்கொண்டே இருந்தான், இப்போது எங்கள் எல்லோரையும் முட்டுகிறது. அடுப்பின் புகைக்குழாயை மாற்றிவிட்டோம். உன் அம்மா சபீராவின் கல்லறையைச் சுற்றியுள்ள வேலியில் இரண்டு கம்பி சாய்ந்திருந்தது, பனி இளகியதும் அசனாலி நிமிர்த்திவிட்டான், நான் போய்ப் பார்த்து வந்தேன், நன்றாக இருக்கிறது.

இனி பக்கத்து வீட்டுப் பெய்ஷென் மாமாவைப் பற்றி. அவர் உடம்பு சரியில்லை என்பது உனக்குத் தெரியும், எவ்வளவு சரியில்லை என்பது தெரியாது. வயிற்றுப் புண் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறார், உன்னைப் போல மாஸ்கோவில் இருக்கும் மகள் ஜூராவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அது புண் இல்லை. நரின் நகர ஆஸ்பத்திரியில் அவரோடு போனவன் நான்தான், டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் விருப்பமானதைக் கொடுங்கள் என்றார். கோடைக்கு ஆடுகளை மலைமேல் ஓட்டிப்போவதைப் பார்ப்பாரா என்று சந்தேகம். மகளை வரச்சொல் என்று நான் சொன்னேன். “வந்தா திரும்ப உள்ள விடுவாங்களாடா? அவ காகிதம் முடிஞ்சு கிடக்கு, ஒரு காலை வெளிய வெச்சா ரெண்டு காலும் வெளியதான். என் மூஞ்சியப் பாக்க வந்து பொழப்பைத் தொலைக்கணுமா?” என்றார். அவர் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, நானாக இருந்தால் மகளிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தப் படுக்கையில் கிடந்தால் என்ன செய்வேன் என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

இங்கே ஒன்றை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கேட்கப்போவது புரியாது. அசனாலி எனக்கு இந்தப் பெரிய போனை வாங்கிக் கொடுத்து நம் தெருக் குழுவில் சேர்த்துவிட்டதிலிருந்து, சாப்பிட்டதும் அதைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. அம்மா இருந்தவரை அந்த நேரத்துக்கு வேறு வேலை இருந்தது. பெய்ஷென் மாமா அதில் நிறைய எழுதுவார். வாய்க்கால் தண்ணீர் முறையில் ஏமாற்றுகிறார்கள் என்று எழுதுவார், நகரத்துக்காரர்களைத் திட்டுவார், படித்தவர்கள்தான் நாட்டைக் கெடுத்தார்கள் என்று யாரோ கத்துகிற வீடியோக்களை அனுப்புவார். தெருவில் படித்தவன் என்று சொல்ல நான் ஒருவன்தானே, என்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாளாக ஆக, வேலிக்கு அந்தப் பக்கம் மாடு கறக்கும் ஆளை விட்டுவிட்டு, போனுக்குள் இருக்கும் ஆளோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். மனதுக்குள் அவருக்குப் பதில் தயார் செய்துகொண்டே தூங்குவேன். காலையில் வாய்க்காலோரம் அவர் என் முழங்காலைப் பற்றி விசாரிப்பார், நான் போனுக்குள் இருந்த ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வார்த்தையில் முடிப்பேன். ஒருநாள் அவரே, “என்னடா சகின், என் மாடு உன் கனவுல வந்து முட்டிடுச்சா?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. சாயங்காலத் தேநீருக்குப் போவதையும் நிறுத்தியிருந்தேன். இத்தனைக்கும் அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, அம்மாவுக்குக் குழி வெட்டும்போது உறைந்த மண்ணில் முதல் கடப்பாரை போட்டது அவர்தான்.

அவர் படுத்த பிறகு வெட்கத்துக்காகத்தான் பார்க்கப் போனேன், அன்பினால் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போகப்போக அது தானாக மாறியது. நாங்கள் சமாதானம் என்று எதையும் பேசவில்லை, கஞ்சி கொடுப்பது, தலையணையை மாற்றுவது, ஜன்னல் பக்கம் உட்காரவைத்துச் சவரம் செய்வது, இவ்வளவுதான். ஒருநாள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, படித்தவர்களைப் பற்றி அனுப்பினீரே, அது என்னைப் பற்றியா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை. “எதுடா அது? ஓ, அந்தக் கத்தறவனா? என் மச்சான் அனுப்பினான், நான் அப்படியே தள்ளிவிட்டேன். முழுசா யாரு பாத்தா? நீ பாத்தியா முழுசா? உனக்கு வேற வேலை இல்லையா?” என்றார். நான் முழுவதையும் இரண்டு முறை பார்த்திருந்தேன். நிலையத்தில் வெப்பமானியை நிழலில் வெள்ளைப் பெட்டிக்குள் வைப்போம், உனக்கு நினைவிருக்கும், வெயிலில் வைத்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் கண்ணாடி ஏறிய சூட்டையே காட்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் வெயிலில் வைத்த கருவியாக இருந்தேனோ என்று தோன்றுகிறது. இந்த உவமை சரிதானா தெரியவில்லை, ஏனென்றால் அவர் எழுதியதும் அவர்தான், வாய்க்கால் விஷயத்தில் அவர் கோபம் உண்மையான கோபம்தான். ஆனால் ஒரு மனிதனில் அது எவ்வளவு பங்கு என்பதை நான் தவறாக அளந்துவிட்டேன்.

இப்போது உன்னையும் ஜூராவையும் பற்றி எழுத வேண்டும். நீ கோபப்படுவாய், பட்டுக்கொள். அம்மா போன செய்தியை உனக்கு நேரில் சொல்ல, அங்கேயே இருக்கும் துர்தகூன் பெரியப்பாவும் அனார் பெரியம்மாவும் கறுப்புத் துணியோடு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, நீ தையல் கூடத்தில் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று, உங்கள் வகுப்புக் குழுவில் ஜூரா போட்ட கூப்பிய கைகளின் படத்தையும், உன் அம்மாவுக்குச் சொர்க்கம் கிடைக்கட்டும் என்ற வரியையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாய். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. நம் ஆட்களில் இப்படி ஒரு மகள் தாயின் சாவைக் கேட்கக்கூடாது. அது நடந்தது, அதை நான் சின்னதாக்கவில்லை. அன்றைக்கே அவள் பக்கத்திலிருந்து கேக் படம் ஒன்று வந்தது என்றும் சொன்னாய். பெய்ஷென் மாமாவிடம் அதைக் கேட்டேன். கேக்குகள் எல்லாம் அவள் வேலை செய்யும் ரொட்டிக்கடையின் கேக்குகள், தினமும் போட வேண்டும் என்பது முதலாளியம்மாவின் சட்டம், அவள் கை சும்மா இருந்தாலும் கடைக்காரர்களே அவள் பெயரில் போட்டுவிடுவார்கள் என்றார். அம்மா போன செய்தியை அவளுக்குச் சொன்னதும் அவர்தானாம், “உடனே ஓடு, நூர்ஜமால் பக்கத்துல போய் உக்காருன்னுதான்டா சொன்னேன். கழுதை, காலால ஓடாம விரலால ஓடிட்டா” என்றார். அவள் நேரில் வராததற்கு அவரும் காரணம் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஒருவேளை தான் செய்தது புரிந்த பிறகு உன் முகத்தைப் பார்க்கப் பயந்திருக்கலாம், அல்லது அப்படி ஒன்றுமே நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நீயே போனில் சொன்னது. அவளோடு பேசுவதில்லை, ஆனால் அவள் போடுவதைத் தினமும் பார்க்கிறாய். புதுக் கோட்டு போட்டிருக்கிறாள், சிரிக்கிறாள், வெட்கமில்லை என்று சொன்னாய். உன் குரலில் நான் என் குரலைக் கேட்டேன், அதனால்தான் என் கதையை முதலில் எழுதினேன். உன் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, என்னுடையதற்கு அதுவும் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்கு நீ தினமும் தீனி போடுகிறாய் என்று எனக்குப் படுகிறது. இரண்டு பேரும் ஒரே கழுதை மேல் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே நகரத்தில் இருக்கிறீர்கள், இந்த இரண்டு வருடத்தில் அவளுடைய குரலை நீ கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டிருந்தபோது பெய்ஷென் மாமா, “நான் போனா என் பொண்ணுக்கு யாருடா சொல்லுவா?” என்று கேட்டார். துர்தகூன் அண்ணன் இருக்கிறாரே என்றேன். “அவரு கிணத்துல கல்லைப் போடற மாதிரி சொல்லிட்டு மீசையத் தடவிக்கிட்டு நிப்பாரு. அவ விழுந்தா தோளைப் பிடிக்க நம்ம தெருப் பொண்ணு ஒருத்தி வேணாமா?” என்றார். நான் கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினேன். அப்புறம் அவரே, “உன் பொண்ணுகிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. என் பொண்ணு பண்ணின வேலை அப்படி. அவளும் எவனாவது போடற கையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கப் போறா, அதான் கணக்கு” என்றார். அவர் அழவில்லை, தாடையில் சோப்பு இருந்தது, பேசும்போது அது வாய்க்குள் போயிற்று, துடைத்துவிட்டேன். அப்போது நான், நூர்ஜமால் போவாள் என்று சொல்லிவிட்டேன். “கேட்டியா அவகிட்ட?” என்றார். கேட்டேன், சரி என்றாள் என்றேன். “அப்ப சரி” என்று சொல்லி மறு கன்னத்தைக் காட்டினார்.

நான் உன்னிடம் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறேன். இப்படி ஒரு பொய்யை நான் சொல்லக்கூடியவன் என்று எனக்கே தெரியாது. அதற்காக நீ கட்டுப்பட வேண்டியதில்லை, அது என் பொய். உன்னால் முடியாது என்றால் கடிதம் கிடைத்ததும் போன் செய்து முடியாது என்று மட்டும் சொல், நான் காரணம் கேட்க மாட்டேன், அவரிடம் போய் நானே சொல்லிக்கொள்கிறேன். தாமதிக்காதே, ஏனென்றால் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், அந்த நாளிலிருந்து கொஞ்சம் சாப்பிடுகிறார்.

முடியும் என்றால் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். இங்கே தெருவில் வீடு வீடாகப் போய், அவர் போய்விட்டால் துர்தகூன் அண்ணனிடமிருந்து சொல்லியாகிவிட்டது என்று போன் வரும் வரை யாரும் எந்தக் குழுவிலும் ஒரு வார்த்தை, ஒரு படம் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். பேசி எனக்குப் பழக்கமில்லை, சில வீட்டில் வாசலிலேயே நின்று திரும்பிவிட்டேன், பிறகு மீரிம் போய்ச் சொன்னாள். எல்லோரும் சம்மதித்தார்கள், உன் விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நேரம் வரும்போது நான் உன்னைக் கூப்பிட்டு, ஜூரா வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்வேன். நீ அவளுக்குப் போன் செய்யாதே, என்ன விஷயம் என்று கேட்பாள், உனக்குப் பொய் வராது. துர்தகூன் பெரியப்பாவையும் அனார் பெரியம்மாவையும் அழைத்துக்கொள். கடையில் மற்றவர்கள் முன்னால் வேண்டாம், அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போ, விலாசம் இத்தோடு இருக்கிறது, பெய்ஷென் மாமா சொல்ல நான் எழுதியது. ரொட்டி எடுத்துப் போ. உன்னை வாசலில் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிடும், இரண்டு வருடம் வராதவள் வந்து நிற்கிறாளே என்று. முதலில் அவள் கையிலிருக்கும் போனை வாங்கிக் கவிழ்த்து வை. பழைய பேச்சை அன்றைக்கு எடுக்காதே, அவளாக எடுத்தால் அப்புறம் பேசலாம் என்று சொல். அவள் பக்கத்தில் உட்கார், எதிரில் உட்காராதே. சொல்வதைத் துர்தகூன் பெரியப்பா சொல்லட்டும், நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கும் உன் வீட்டுக்கும் நல்ல வழி திறந்திருக்கட்டும், உன் பிள்ளை உன்னைவிட நீண்ட நாள் வாழட்டும், உன் அம்மாவின் பங்கு ஆசியையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். ஓசர்பாய்க்குத் தேநீர் கொடுத்தனுப்பு, கூச்சப்படுவான், விடாதே. அந்த நாள் நல்ல குளிராக இருந்தாலும் கையுறை போட்டுக்கொண்டு அவளைப் பிடிக்காதே மகளே, கழற்றிவிட்டுப் பிடி.

உன் அப்பா,
சகின்பெக்