தேங்காய் விழுந்த தோள்

பரியாமான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யெஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அப்பா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே உன் அம்மா, சித்தி ஹெல்மா, கோழிகள், குரங்கு எல்லாரும் நலம், என் வலது தோள் மட்டும் பாதி நலம். அங்கே ஸோரோங்கில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி நாய்லாவும் சுகமாக இருப்பீர்கள், சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம் குறையாமல் இருக்கும் என்ற நினைப்போடு எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் நீ முடித்து வைக்கிறாய், மீதியை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. பக்கத்து வீட்டு ஸுஹைரி செவ்வாய்க்கிழமை புறப்பட்டுக் கப்பலில் உங்கள் ஊருக்கு வருகிறான், ரெண்டாங் கறி டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருந்தால் அது தோளின் குற்றம். முன்பும் இப்படித்தானே இருந்தது என்று மாப்பிள்ளை எதிரில் சொல்லிவிடாதே.

போன மாதம் பேசும்போது நீ அழுதுவிட்டாய். போதும்ப்பா, அந்தக் குரங்க வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, கல்லாவுல ஜம்முனு உக்காருங்க, இங்க யாரும் உங்க மேல தேங்கா போட மாட்டாங்க என்றாய். நான் பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், இருந்தும் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு உன் மாமா அஸ்ரிலிடம் சொல்லிவிட்டாய். அவர் மறுநாளே நம் தேங்காய் பறிக்கும் குரங்கு பூஜாங்கை வாங்கிக்கொள்ள லுபுக் அலுங்கிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். பூஜாங் போய்விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது, அதுவும் உனக்குத் தெரியும். அப்புறம் நடந்ததை உன் அம்மா போனில் ஒரே வரியில் சொல்லியிருப்பாள். முழுக்கதையையும் என் வாயால் நீ கேட்க வேண்டும்.

முதலில் அடிபட்டதைப் பற்றி ஊரில் சொல்வதை நம்பாதே. குரங்கு பழைய பகையைத் தீர்த்துக்கொண்டது என்று காப்பிக் கடையில் சொல்கிறார்கள். பூஜாங் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான், காயை முறுக்கினான், காய் விழுந்தது. விழுகிற இடத்தில் நின்றது நான். மரத்தடியில் நிற்காதே நிற்காதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள், நாய்லா முதல்முறை நடக்கிற படத்தை நீ அனுப்பியிருந்தாயே, அதைத் தோப்புக்காரர் ரம்லி ஹாஜியிடம் காட்டுகிற பெருமையில் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து குலைக்கு நேர் கீழே போய் நின்றேன். பேத்தி எழுந்து நடந்தாள், தாத்தா படுத்துவிட்டேன். தலையில் விழாமல் தோளில் விழுந்ததே பெரிய கருணை. உன் அம்மா மட்டும், தலையில விழுந்திருந்தா தேங்காதான் ஒடஞ்சிருக்கும் என்கிறாள்.

எலும்பு உடைந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், பகலில் வீட்டில் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. என்னைப் போன்ற மாப்பிள்ளைமார் விடிந்ததும் வெளியே போய் விளக்கு ஏற்றியதும் திரும்பினால்தான் நம் ஊரில் மரியாதை. வீடு உன் அம்மாவுடையது, அதற்கு முன் அவள் அம்மாவுடையது, நான் முப்பது வருஷமாக ராத்தங்க வரும் விருந்தாளி. காலை பத்து மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. கையைக் கட்டிப்போட்டு நடுக்கூடத்தில் என்னைக் கிடத்தியபோது தப்பான வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஹெல்மா தரை துடைக்க வருவாள், மச்சான் காலத் தூக்குங்க என்பாள், தூக்குவேன், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, இல்ல கட்டிலோட சேத்தே தொடச்சிடட்டுமா என்பாள். மிளகாய் விற்கிறவள் வந்தால் பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள், நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வேன், அப்புறம்தான் நல்ல சேதியெல்லாம் காதில் விழும். சும்மா இருக்க வெட்கமாக இருந்து, இடது கையால் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். கண்ணீர் வந்தது. வலியால் அழுகிறேன் என்று ஹெல்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்துப் பலகைச் சுவரில், கீழே, கரித்துண்டால் நீ வரைந்த பூஜாங் இன்னும் இருக்கிறான் தெரியுமா. படுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அவனைவிட நீளமாக ஒரு வால் போட்டிருக்கிறாய், பாவம், அவனுக்கு இருப்பது ஒரு விரல் நீள வால். அவனைக் குட்டியாக வாங்கி வந்த அன்று, இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியே, பிரம்மச்சாரின்னு அர்த்தம் வர்ற மாதிரி பூஜாங்னே கூப்பிடலாம் என்று பேர் வைத்ததும் நீதான். பள்ளிக்கூடம் விட்டதும் தோப்புக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடம்பிடிப்பாய். மோட்டார் சைக்கிளில் முன்னால் டேங்கின் மேல் நீ, நடுவில் நான், பின்னால் அவன். என் வலது தோளில் அவன் ஒரு கையைப் போட்டுக்கொள்வான், மனுஷன் மாதிரி. வளைவு வந்தால் அழுத்திப் பிடிப்பான். நீ தூங்கி விழுந்தாலும் அந்தத் தோளுக்கே சாய்வாய். நீ கல்யாணமாகி ஊரைவிட்டுப் போன அன்று உன் பெட்டியையும் அதே தோளில்தான் தூக்கி வந்தேன். எல்லாவற்றையும் தாங்கிய தோள் கடைசியில் ஒரு தேங்காய்க்குத் தோற்றுவிட்டதே என்று படுத்தபடி உன் கரிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கட்டை அவிழ்த்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொன்னார்கள். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே நடத்த வேண்டும். அதை நான் செய்யும்போது பின்னால் பலாமரத்தில் கட்டியிருந்த பூஜாங் ஜன்னல் வழியாகப் பார்ப்பான். இதற்கெல்லாமா ஒரு ஆள் என்பது போல ஒரு பார்வை. முதலில் காலண்டர் வரை எட்டியது, அப்புறம் உன் கல்யாணப் படத்தின் கீழ்ச்சட்டம் வரை. உன் முகம் வரை இன்னும் எட்டவில்லை.

இந்த நாளில் பூஜாங்குக்குச் சோறு வைக்க வேறு ஆளில்லை. உன் அம்மா அவனை எப்படிப் பேசுவாள் என்று நினைவிருக்கிறதா, ஆண் குரங்குடி என்று எத்தனை முறை சொன்னாலும் உங்க சின்ன பொண்டாட்டி என்றுதான் சொல்வாள். கயிற்றைத் தொட்டவளே இல்லை. முதல் வாரம் நீளமான அகப்பையில் சோற்றை வைத்துத் தூர நின்று நீட்டினாள். அடுத்த வாரம் அவன் மேல் நாறுகிறது என்று திட்டினாள். அதற்கடுத்த வாரம் ஜன்னலில் பார்க்கிறேன், ஒரு கையில் சோப்பு, ஒரு கையில் கயிறு, அவனை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். நேரா நடடா, ஒன் மொதலாளி மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு மேல பாக்காத என்று தெரு முழுக்கத் திட்டு. அவனும் நேராக நடந்தான். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது உன் மாமாவுக்கு வருகிறேன். அவர் மேல் கோபப்படாதே, தங்கை மகள் அழுதால் எந்தத் தாய்மாமன் சும்மா இருப்பான். ஆனால் அவர் காப்பிக் கடையில் எல்லார் எதிரிலும் வைத்துக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை, வியாழக்கெழம ரம்லி ஹாஜி தோப்புல ஒரே ஒரு மரத்துக் காய எறக்கிக் காட்டுங்க, எறக்கிட்டா நான் வாயத் தெறக்கல, எறக்கலேன்னா வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சதும் ஆளு வருவான், கயித்த அவன் கைல குடுத்துடணும் என்றார். டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன், ஒரு மரம் என்ன, தோப்பையே இறக்குகிறேன் என்றேன். வாய்க்கு மட்டும் அடிபடவில்லையே.

வியாழக்கிழமை காலை தோப்புக்குப் போனால் பாதிக் காப்பிக் கடை அங்கே இருக்கிறது. பூஜாங்கைப் பார்த்து ஏறு என்றேன், நிமிஷத்தில் கொண்டைக்குப் போய்விட்டான். எந்தக் குலை, எந்தப் பக்கம் என்று கயிற்றைச் சுண்டித்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். வலது கை நெஞ்சுக்கு மேல் வரவில்லை. இடது கையால் சுண்டினேன், அவனுக்கு அந்தக் கை பழக்கமில்லை, ஒரு காய்ந்த மட்டையைப் பிடுங்கிப் போட்டான். திரும்பச் சுண்டினேன், ஒரு இளநீர் விழுந்தது. அப்புறம் மட்டையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டு என்னையே பார்த்தான். கீழே ஒருத்தன் என்னைப் பார்த்து, ஏய் ஜமாரிஸ், குரங்குக்கு ஒன்ன அடையாளம் தெரியலப்பா என்றான். இன்னொருத்தன், தெரிஞ்சதாலதான் எறங்க மாட்டேங்குது என்றான். நானும் சிரித்தேன், யெஸ்மி, ஆனால் உள்ளே சிரிப்பு இல்லை. கயிறு தொய்ந்து என் காலடியில் கிடந்தது. சரி, முடிந்தது, இனிமேல் உன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். உன் மாமாவே என் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உன் அம்மா வந்தாள். வித்தா விக்கட்டும் எனக்கென்ன என்று காலையில் சொன்னவள், கையில் சோற்றுப் பொட்டலத்தோடு தோப்புக்குள் வருகிறாள். மரத்து மேல் இருப்பவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் வேடிக்க பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க என்றாள். பொட்டலத்தைத் தன் அண்ணன் கையில் கொடுத்தாள், கயிற்றை எடுத்தாள், மொதல்ல நீங்க அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, ஒண்ணு வாங்கினது போதும் என்றாள். தள்ளி நின்றேன். எது என்றாள். இடது பக்கம் பழுப்பு நிறத்தில் இருக்கிற குலை, ஒரு சுண்டு சுண்டிவிட்டுத் தளர்த்தி விடு என்றேன். சுண்டினாள், கூடவே ஆற்றங்கரையில் திட்டுகிற அதே குரலில் ஒரு திட்டு. அவன் உடனே எழுந்து போய் அந்தக் குலையில் காலை ஊன்றி முறுக்கினான் பார். தொப்பென்று விழுந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. நான் சொல்ல அவள் சுண்ட, அந்த மரத்தில் முற்றிய காய் ஒன்று மிச்சமில்லை.

உன் மாமா லேசில் விடுகிறவரா. பொட்டலத்தைப் பிடித்தபடியே, இது கணக்குல சேராது, கயிறு ஒங்க கைல இல்லயே மாப்பிள்ளை என்றார். உன் அம்மா கயிற்றை விடாமலே திரும்பினாள். அண்ணே, குடும்பச் சொத்து பொம்பள கைலதான் இருக்கணும்னு ஊர்க் கூட்டத்துல எல்லாருக்கும் நீங்கதான பாடம் எடுப்பீங்க, இப்ப எங்கிட்டதான இருக்கு, அப்புறம் என்ன என்றாள். காப்பிக் கடைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பூஜாங் பயந்து இன்னும் ஒரு காயைப் போட்டான். உன் மாமா பொட்டலத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்து, மீன் வாசன நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் லுபுக் அலுங்குக்காரர் வந்தார், வர வேண்டாம் என்று சொன்ன சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பல்லைப் பார்க்கிறேன் என்று கிட்டே போனவரின் தொப்பியை எடுத்துக்கொண்டு பூஜாங் பலாமரத்தில் ஏறிவிட்டான். உன் அம்மா வந்து அதட்டித்தான் தொப்பி கிடைத்தது. காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தோம்.

அதிலிருந்து இருவரும்தான் வேலைக்குப் போகிறோம். ஒங்களுக்காக இல்ல, அவன் ஒங்க கைல சிக்கிச் சீரழியக் கூடாதுன்னுதான் என்கிறாள். முப்பது வருஷம் அவள் வீட்டில் நான் விருந்தாளியாக இருந்தேனே, இனி தோப்பில் அவள் எனக்கு விருந்தாளி என்று நினைத்து ஒரு வாரம் சந்தோஷப்பட்டேன். இப்போது எந்த மரத்தை முதலில் இறக்குவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் அவள்தான் சொல்கிறாள். தோப்பும் போயிற்று. ஆனால் அவள் சிரிப்பதைப் பகலில் பார்க்கிறேன், யெஸ்மி. இத்தனை வருஷம் அது மிளகாய்க்காரிக்கும் ஹெல்மாவுக்கும் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது.

அதனால் கண்ணு, நாங்கள் அங்கே குடியேற வரவில்லை. நீ பயப்படுவது தெரியும், தூரத்தில் இருந்தால் சின்ன வலியும் பெரிதாகத்தான் தெரியும். பார்க்க வருவோம், சாப்பிட்டு, நாய்லாவைக் கெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கத்திய தேங்காயில் பால் இறங்கவில்லை என்று குறைப்பட்டாயே, ஸுஹைரி கொண்டு வரும் மூட்டையில் இருப்பது உன் அம்மா இறக்கிய காய். சின்னத் தீயில் கிளறு, அவசரப்பட்டால் திரிந்துவிடும். கூட்ட நேரத்தில் மாப்பிள்ளையிடம் கத்தாதே, ஆண்பிள்ளை அடுக்களையில் படும் பாடு எனக்கு இப்போது தெரியும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது முன்னால் டேங்கின் மேல், நீ உட்கார்ந்த இடத்தில் பூஜாங், நீ பார்ப்பது போலவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பின்னால் உன் அம்மா. வளைவு வந்தால் அவள் என் வலது தோளை இறுக்கிப் பிடிக்கிறாள். நன்றாக வலிக்கிறது. நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே, கையை எடுத்துவிடுவாள்.

ஆண்டவன் உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், கடை செழிக்கட்டும், நோன்புப் பெருநாளுக்காவது ஊர்ப்பக்கம் வர வழி செய்யட்டும். நாய்லா ஓடுகிற படத்தை மறக்காமல் அனுப்பு. மரத்தடியில் நின்று பார்க்க மாட்டேன்.

உன் முகம் எட்டும்வரை சுவரில் விரல் நடத்திக்கொண்டிருக்கும்
உன் அப்பா
ஜமாரிஸ்